விடியும்வரை வெளியே

படகுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவளுக்கும் அவள் கணவருக்கும் பிழைப்பு. பாய்மரப் படகு வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அதை நெடுந்தூரம் ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு நேரம் கிடையாது. வாங்கிய இடத்திலிருந்து நிறுத்தப்போகும் துறைமுகம்வரை இவர்கள் இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டு போவார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் திரும்புவார்கள். கடலில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து தூங்கியதைவிட, ஒருவர் எழுந்துபோன சூட்டில் மற்றவர் படுத்ததுதான் அதிகம் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த முறை அவர் வரவில்லை. முதுகுத்தண்டில் அறுவை முடிந்து வீட்டில் கிடந்தார். கழிவறைக்குப் போக மட்டும் எழலாம், குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்று உத்தரவு. படகை வாங்கியவருக்கோ முன்பே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தனியாகப் போக முடியாத தூரம். கூட வர ஆளில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொழுந்தனைத் தேடிப் போனாள்.

வீட்டில் அவனுக்கு ஊசி என்று பெயர். ஆளும் ஒல்லி, தொழிலும் தையல். படகுப் பாய், மெத்தை உறை, கூரைத் துணி எல்லாம் தைப்பான். முன்பு அண்ணனும் தம்பியும் ஒரே கொட்டகையில்தான் வேலை செய்தார்கள். ஒரு பாதியில் அண்ணன் படகு பழுது பார்ப்பார், மறுபாதியில் தம்பியின் தையல் இயந்திரம் ஓடும். போன வருடம் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அண்ணன் ஒரு பாயைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேரு தையலா? சாக்குப் பையைக்கூட இதைவிட ஒழுங்கா தைப்பாங்க" என்று சொல்லிவிட்டார். தம்பி மறுநாள் காலையில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனான். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் எப்போதாவது எதிர்ப்பட்டால் அவள் வழியாகத்தான் பேசினார்கள். "அண்ணி, என் கத்திரிக்கோல் கொட்டகையிலயே இருக்கான்னு கேளுங்க." பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் அவர், "இருக்கு, வந்து எடுத்துக்கச் சொல்லு" என்பார். அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருக்கும்.

அவன் குடியிருந்த அறையில் கால் வைக்க இடமில்லை. பாய்த்துணி கட்டிலையும் மூடி, தரையையும் மூடி, வாசல்வரை வந்திருந்தது. தேநீர் கிளாஸில் தேநீருக்குப் பதில் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டித் துண்டுகள் கிடந்தன.

"அண்ணன் அனுப்பினாரா?" என்று கேட்டான்.

"அவர் அனுப்பினா நீ வருவியா?"

"மாட்டேன்."

"அதான் நானே வந்திருக்கேன்."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்னைக்குக் கிளம்பணும்?" என்றான்.

ஆயுள் முழுக்கப் படகுகளுக்குத் தைத்தவன், கரை மறையும் தூரத்துக்குப் போனதே இல்லை. கிளம்பிய அன்று சாயங்காலமே கடல் அவனைப் புரட்டி எடுத்துவிட்டது. "குடல் வாய்வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது அண்ணி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படகின் ஓரத்துக்குப் போனான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம் அவள் ராத்திரிக்கான விஷயங்களைச் சொன்னாள். இடுப்பு வாரைப் படகோடு மாட்டாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது. இருட்டில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. வெள்ளை டார்ச் போடக்கூடாது, சிவப்பு டார்ச் மட்டும்தான். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால் அப்புறம் வெகுநேரம் கடல் தெரியாது. கரையோடு ஒட்டிப் போகவே கூடாது. பரிச்சயமில்லாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழையவே கூடாது.

"நுழையாம?"

"வெளியவே கிடக்கணும். விடிஞ்சப்புறம் போகணும்."

"எவ்வளவு நேரமானாலுமா?"

"எவ்வளவு நேரமானாலும்."

மறுநாள் என்ஜின் சூடேறி நின்றுபோனது. கடல்நீரை உறிஞ்சிக் குளிர வைக்கும் பம்ப் கெட்டிருந்தது. மாற்றுப் பம்ப் படகில் இல்லை. அவர் வந்திருந்தால் எதையாவது வெட்டி ஒட்டி ஓட்டியிருப்பார். அவளால் முடிந்தது கைகளைக் கரியாக்கிக்கொண்டதுதான். இனிப் பாயை நம்பித்தான் போக வேண்டும் என்று ஆனபோது காற்றும் செத்துப்போனது. பகல் முழுக்கக் கரை அதே இடத்தில் நின்றது. அதே தண்ணீர்த் தொட்டி, அதே மஞ்சள் கட்டடம். என்ஜின் ஓடாததால் பேட்டரியும் இறங்கிக்கொண்டே வந்தது. படகின் விளக்குகளுக்காவது மிச்சம் இருக்கட்டும் என்று வரைபடத் திரையை அணைத்துவிட்டுக் காகித வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய போனும் உயிரை விட்டது. அவனுடையது மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் அவன் சட்டைப் பையில் கொஞ்சம் சார்ஜோடு இருந்தது. இது தவிர, படகை வாங்கியவர் பொருத்தியிருந்த சின்னப் பெட்டி ஒன்று பாய்மரத்தின் அடியில் இருந்தது. தனி பேட்டரியில் ஓடும் அது, படகு எங்கே இருக்கிறது என்பதை அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும். வாங்கியவரும் பார்க்கலாம், வீட்டிலிருந்து அவள் கணவரும் போனில் பார்க்கலாம்.

தூக்கம்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஊசியிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுப் படுத்தால், கண் அசந்த கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவான். "அண்ணி, ஒரு வெளிச்சம்." எழுந்து பார்த்தால் மீன்பிடிப் படகாக இருக்கும். மறுபடி படுப்பாள். "அண்ணி, இன்னொண்ணு." அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, தெரியாவிட்டால் எழுப்பு என்று சொன்னவளே அவள்தான். ஒருமுறை வலையின் மிதவைகளுக்கு நடுவே படகைக் கொண்டுபோய்விட்டான். அதிலிருந்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு அவள் படுக்கக் கீழே போகவே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள், தூங்கியபடியே சுக்கானைப் பிடித்தாள். வெளிச்சத்தில் சேர வேண்டிய துறைமுகத்துக்கு அன்று சேர முடியவில்லை. இருட்டியபிறகுதான், கடலையே மறந்துவிட்டதோ என்றிருந்த காற்று பின்னாலிருந்து மெல்ல வீச ஆரம்பித்தது.

கரையின் வெளிச்சங்கள் இடதுபக்கம் நீளமாக வந்தன. விடுதிகள், கடைகள், ஓடும் வண்டிகள். கடலில் இருந்து பார்த்தால் அதெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஜரிகைக் கரையாகத் தெரியும். அதற்குள் துறைமுக விளக்கு எது, மருந்துக்கடை விளக்கு எது என்று பிரிப்பது, நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கே சிரமம்.

ஊசி தளத்தில் சுருண்டு கிடந்தான். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"அண்ணி, இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தாச்சு."

அவளுக்கே அது நிஜமா என்று தெரியாது. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு விளக்குகளும் கண்ணில் பட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அலையில் படகு ஏறி இறங்கும்போது விட்டுவிட்டு எரிந்தன. துறைமுக வாயிலின் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு எரியும் என்று வரைபடத்தில் பார்த்திருந்தாள். டார்ச்சை அடித்து இன்னொரு முறை வரைபடத்தைப் பார்த்திருக்கலாம். அதற்குக் கீழே குனிந்து, மடித்ததைப் பிரித்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவு வேலையை அப்போது நினைக்கவே முடியவில்லை.

வெளியே கிடக்க வேண்டும் என்பதும் நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் இவன் இப்படிக் கிடக்கிறான், வீட்டில் அவர் தனியாகப் படுத்திருக்கிறார், உள்ளே போனால் கயிற்றைக் கட்டிவிட்டு நேராக நிமிர்ந்து படுக்கலாம். சுக்கானைத் தள்ளினாள். படகு கரையை நோக்கித் திரும்பியது.

"உள்ள போறோமா?" ஊசி தலையைத் தூக்கினான்.

"ம்."

"ராத்திரியில போகக்கூடாதுன்னீங்க?"

"விளக்கு நல்லா தெரியுதுடா. பேசாம படு."

அவன் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, வாரைச் சரியாக மாட்டிக்கொண்டு முன்னால் பார்த்தான். ஆழமானியில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. துறைமுக வாயிலில் ஆழம் குறைவு என்று அவளுக்குத் தெரியும். அதனால் எண் குறையக் குறைய அவளுக்கு நிம்மதிதான் கூடியது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"பச்சையா இருந்தது சிவப்பாயிடுச்சு."

"உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

"இல்ல அண்ணி, நான் பார்த்துட்டே இருந்தேன்."

"படகு திரும்பினா அப்படித்தான் மாத்தி மாத்தித் தெரியும்." அப்படியெல்லாம் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். வாய் ஏதோ சொன்னது.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கரை பக்கத்தில் வந்துவிட்டதால் சிக்னல் கிடைத்திருந்தது. வெள்ளை வெளிச்சம் அவன் முகத்திலும் அவள் கண்ணிலும் அடித்தது.

"அணைடா அதை! கண்ணு போச்சு!"

அவன் அணைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"அண்ணன்."

அவள் சுக்கானை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

அவன் போனை எடுத்துக் காதில் வைப்பதற்கு முன்பே தள்ளிவிட்டாள். அவளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாகத் தம்பி பெயரைக்கூடச் சொல்லாத மனுஷர் இந்த நேரத்தில் அவனைக் கூப்பிடுகிறார் என்றால் சும்மா கூப்பிடவில்லை. படகின் முனை கரையை விட்டுத் திரும்ப ஆரம்பித்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அலை மணலில் விழுந்து உடையும் சத்தம். இவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அடியில் ஒரு இடி விழுந்தது. படகு முழுக்க அதிர்ந்தது. உள்ளே ஏதோ கண்ணாடி உருண்டு உடைந்தது. அடுத்த அலை வந்து தூக்கிவிட்டது. ஆனால் திரும்பும் வேகம் போதவில்லை. படகு காற்றுக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பாய்கள் எந்தப் பக்கமும் சாயாமல் படபடவென்று அடித்துக்கொண்டன. இப்படியே நின்றால் அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

"முன்னாடி போ! சின்னப் பாயைக் கரைப் பக்கமா தள்ளிப் பிடி! காத்து அதுல அடிக்கணும்!"

ஊசி எடுத்த போனை அப்படியே சட்டைக்குள் போட்டுக்கொண்டு நான்கு கால்களில் ஓடினான். இரண்டு நாளாக எழுந்து நிற்க முடியாதவனுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. படபடத்து முகத்தில் அறைந்த துணியின் மூலையை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து வெளியே தள்ளினான். துணி காற்றை வாங்கியது. முனை கடல் பக்கம் சாய ஆரம்பித்தது. மெதுவாக, எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக.

"விட்டுடு! இப்ப விட்டுடு!"

விட்டான். பாய் மறுபக்கம் போய் நிறைந்தது. படகு நகர்ந்தது. ஆழமானியில் எண் கூடியது. திரும்பிப் பார்த்தபோது கரையில் ஒரு லாரி சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தது. விளக்கு பச்சையானது. லாரி கிளம்பிப் போனது.

ஊசி தவழ்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போனை அணைக்க மறந்திருந்தான். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"ம். வெளிய வந்துட்டோம்" என்றான். அப்புறம், "தட்டுச்சு. ஒரு தடவை." அப்புறம், "இல்ல. தண்ணி வரலைன்னு நினைக்கிறேன். இருங்க, பார்க்கிறேன்."

கீழே போய் சிவப்பு டார்ச்சை அடித்துத் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். "காஞ்சுதான் இருக்கு" என்று போனில் சொன்னான். பிறகு மேலே வந்து அதை அவளிடம் நீட்டினான்.

"அது கடற்கரை ரோடும்மா" என்றார் அவர். "துறைமுகம் இன்னும் முன்னாடி இருக்கு. போன்ல படகோட புள்ளி நேரா மணலுக்குப் போகுது. உன் போனுக்கு அடிச்சு அடிச்சு..."

"செத்துப்போச்சு."

"தெரிஞ்சுது."

"தப்பு என்னுதுங்க. தூக்கம்..."

"இப்ப அதெல்லாம் பேசாதே. வெளிய போ. நல்லா வெளிய போய்க் கிட."

அதோடு போன் அடங்கிவிட்டது.

கரை வெளிச்சங்கள் தாழ்ந்து மெலியும்வரை வெளியே போனாள். பாய்களை ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டினால் படகு ஓடாது, ஒரே இடத்தில் அசைந்துகொண்டு கிடக்கும். அப்படிக் கட்டிவிட்டு, டார்ச்சை எடுத்து, வரைபடத்தை மடியில் விரித்து நிதானமாகப் பார்த்தாள். ஒரு கப்பல் தூரத்தில் போனது. அது போகும் திசையை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து, நம் பக்கம் வராது என்று முடிவு செய்தார்கள். அவளுக்கு இப்போது சுத்தமாகத் தூக்கம் வரவில்லை.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றாள்.

"எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல அண்ணி." அவன் ஒரு ரொட்டித் துண்டைக் கொறித்தான். இரண்டு நாளில் வயிற்றில் தங்கிய முதல் உணவு அது. "போனை எடுக்கறதா வேண்டாமான்னு வேற யோசிச்சேன். அந்த நேரத்துல, பாருங்க."

"எடுத்தியே."

"பேசினதென்ன, அவர் கத்தினது மட்டும்தான். டேய் திருப்புடா, டேய் திருப்புடான்னு." ரொட்டியை விழுங்கிவிட்டு, "நம்பரை இன்னும் வச்சிருக்கார்" என்றான்.

விடியும்வரை மாறி மாறி விழித்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் எழுப்பு என்று சொல்லித்தான் அவள் சாய்ந்தாள். ஆனால் அவன் எழுப்பவில்லை, அவளும் தூங்கவில்லை. கிழக்கு வெளுத்தபோது துறைமுக வாயில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், முனையில் விளக்குக் கம்பங்கள். பகல் வெளிச்சத்தில் அதைத் தவறவிடக் குழந்தையாலும் முடியாது.

படகை வாங்கியவர் ஒரு பல் டாக்டர். படகுத்துறை மேடையில் புத்தம்புது தொப்பியோடு நின்றிருந்தார். சாவியைக் கொடுப்பதற்கு முன்பு அவள் விஷயத்தைச் சொன்னாள். "அடிக்கட்டை ஒரு தடவை தட்டியிருக்கு சார். தூக்கிப் பார்த்துடுங்க."

"அடடா, எங்க?"

"சிக்னல்கிட்ட" என்றான் ஊசி. அவள் அவன் காலை மிதித்தாள்.

பாரந்தூக்கியில் படகைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. துறைமுகப் பட்டறையில் சாயம் வாங்கி அவளும் ஊசியுமே தேய்த்துப் பூசிக் கொடுத்தார்கள். டாக்டர் பெரிய மனசுக்காரர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, தான் ஒருமுறை நல்ல பல்லைப் பிடுங்கிய கதையைச் சொன்னார்.

பேருந்தில் ஏறியதும் அவளுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. ஊசி இறங்க வேண்டிய நிறுத்தம் முதலில் வரும், அவள் வீடு இன்னும் தள்ளி. "உன் இடம் வந்ததும் என்னை எழுப்பிட்டு இறங்கு" என்று சொன்னது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது பேருந்து அவள் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தலை அவன் தோளில் இருந்தது.

"நீ இறங்கலையா?"

"நீங்க நல்லா தூங்கிட்டிருந்தீங்க. எப்படி எழுப்புறது?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பைகளை அவனே தூக்கி வந்தான். வீட்டுக்குள் வந்து பைகளைக் கூடத்தில் வைத்த பிறகு அவனுக்கு வேலை எதுவும் இல்லை. படுக்கையறை வாசலில் போய் நின்றான். உள்ளே அவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்கியிருக்கவில்லை.

அவள் தேநீர் போடச் சமையலறைக்குள் போனாள். பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பைப் பற்ற வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே பேச்சு கேட்டது.

"ரொம்ப வாந்தியா?"

"ஆமா."

"எனக்கும் முதல் தடவை அப்படித்தான். அப்பா சிரிச்சார்."

கட்டில் பக்கமாக நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வலி எப்படி இருக்கு?"

"இருக்கு." பிறகு அவர், "அந்தத் தலையணையைக் கொஞ்சம் முதுகுக்கு அண்டக் கொடு. எனக்கு எட்டல" என்றார்.

"இப்படியா?"

"இன்னும் கீழ. ம். அதான்."

அதற்கு மேல் அவளுக்குக் கேட்கவில்லை. மேசையில் தலை வைத்து அப்படியே தூங்கிப்போனாள், காலில் செருப்போடு. எழுந்தபோது மதியமாகியிருந்தது. ஊசி போய்விட்டிருந்தான். யாரோ தேநீர் போட்டுக் குடித்து, கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

தையல் இயந்திரம் கொட்டகைக்குத் திரும்பி வரவில்லை. அவன் அந்த அறையிலேயே தைக்கிறான், அந்தத் துணிக்குவியலின் அடியிலேயே தூங்குகிறான். சாக்குப் பை விஷயத்தை இருவரும் இன்றுவரை பேசவில்லை. ஆனால் எதையாவது கேட்க வேண்டுமென்றால் இப்போது நேராகவே கேட்டுக்கொள்கிறார்கள். போனில், சுருக்கமாக, சண்டை போடுகிற மாதிரியான குரலில்.

திரும்பி வந்த அன்று ராத்திரி அவள் கணவர் பக்கத்தில் படுத்தாள். படகு இன்னும் அவளுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. கட்டில் ஏறி இறங்கியது.

"நீங்களா இருந்தா உள்ள போயிருக்க மாட்டீங்க" என்றாள்.

"களைச்சிருந்தா நானும் போயிருப்பேன்" என்றார். "அந்த இடத்துல எனக்கு ஒருத்தர் போன் பண்ணுவாங்களான்னுதான் தெரியல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வருவதற்கு முன்பு தூக்கம் வந்துவிட்டது. அவர் எழுந்துபோகவில்லை, அவளும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.